பதினோரு நாட்கள் துணைக்கு ஆள் வைக்காதவர் யார்?

கேள்வி: அம்மா, நான் உரக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் செவிலியர். ஏழு வருடமாகத் தொகுப்பூதியம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சர்க்கரை நோயால் காலில் புண் வந்த என் அம்மாவை (வயது 68) அதே மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மனைவிக்கு ஆண்கள் வார்டில் வேலை. இடையிடையே வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அவள் அங்கேயே இருப்பதால் துணைக்கு ஆள் வைக்கவில்லை. நான் தினமும் காலையில் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டாம் நாள், பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் நடந்த போராட்டத்துக்கு அவள் போய்விட்டாள். போகக் கூடாது என்று இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தேன். மீறிப் போனாள். அன்று இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே செவிலியர். அம்மா கூப்பிட்டும் யாரும் வராததால், தானே எழுந்து கழிப்பறைக்குப் போய் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது அம்மா அவள் கையால் சாப்பிட மறுக்கிறார். வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. வேலையை விடச் சொல்வதா, அல்லது இனிமேல் போராட்டத்துக்குப் போக மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்வதா? சொந்த மாமியாரைப் படுக்கையில் விட்டுவிட்டுப் போனவளை எப்படி மன்னிப்பது?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. தேதி கொடுத்த அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனவர்கள் எழுதுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, ஓ.பி. மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "அவள் அங்கேயே இருப்பதால் துணைக்கு ஆள் வைக்கவில்லை." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

பதினோரு நாட்கள். காலில் புண்ணோடு, சர்க்கரை ஏறி இறங்கும் உடம்போடு ஒரு 68 வயது அம்மா கட்டிலில் கிடக்கிறார். பெற்ற மகன் காலையில் வந்து ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போகிறார். துணைக்கு ஒருவரும் இல்லை. பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விட மாட்டார்கள் என்பீர்கள். இரவில் விட மாட்டார்கள், சரி. பகலில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாமே. உடன்பிறந்தவள் இருந்தால் அழைத்திருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு பெண்மணிக்கு நாள் கூலி கொடுத்து உட்கார வைத்திருக்கலாம். உரக்கடை நடத்துகிறவருக்கு அந்தக் கூலி பெரிய பாரமாக இருந்திருக்காது. உங்களுக்கு அது தோன்றவே இல்லை. காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: மனைவி அங்கேதானே இருக்கிறாள்.

அவள் எங்கே இருந்தாள்? ஆண்கள் வார்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு எத்தனை நோயாளிகள் என்று என்றைக்காவது கேட்டீர்களா? பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டுக்குள் ஒரு முறை போய் வந்தவர்களுக்குக்கூட அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும். என் தாயாரைச் சேர்த்திருந்த வார்டில் இரவுப் பணியில் இருந்த பெண்ணின் இடது உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். பேனாவால் கட்டில் எண்களாக எழுதி வைத்திருப்பார். 12 இன்சுலின், 19 டிரிப் மாற்ற, 31 ரத்த அழுத்தம். ஒவ்வொன்றையும் முடித்ததும் கட்டை விரலால் தேய்த்து அழிப்பார். கை கழுவினால் பட்டியலே போய்விடும் என்று, கழுவிய கையோடு மறுபடி எழுதுவார். விடியும்போது உள்ளங்கை முழுக்க நீல மையாக இருக்கும்.

அப்படிப்பட்ட கையோடுதான் உங்கள் மனைவி "இடையிடையே" ஓடி வந்து உங்கள் அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள் வார்டில் வேறு யாருடைய அப்பாவுக்கோ சேர வேண்டிய பத்து நிமிடம் அது. அவருடைய டிரிப் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்திருக்கலாம். வேலைநிறுத்தத்தால் உங்கள் அம்மா விழுந்தார் என்று ஒரு நாள் கணக்கை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய பதினோரு நாட்களும் உங்கள் வீட்டுக் கடமைக்காக அந்த நோயாளிகள் காத்துக்கிடந்த கணக்கு உங்கள் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்றையும் நீங்களாகவே சொல்லிவிட்டீர்கள். அவள் போகப்போவது இரண்டு நாள் முன்பே உங்களுக்குத் தெரியும். போகக் கூடாது என்று சொல்ல நேரம் இருந்தது, அன்று அம்மா பக்கத்தில் யார் இருப்பது என்று கேட்க நேரம் இல்லையா? அவள் பேச்சு உங்களுக்கு எரிச்சலைத் தந்தது. அந்த எரிச்சலில் அம்மாவை மறந்துவிட்டீர்கள். மற்ற பதினோரு நாட்களைப் போலவே அன்றும் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டீர்கள்.

வேலைநிறுத்தத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வார்டுக்கு ஒரே செவிலியர் என்பது கொடுமை. இன்னொருவர் இருந்திருந்தால் உங்கள் அம்மாவின் குரலுக்கு ஓடி வந்திருப்பார். நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஜோனதன் க்ரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் சேர்ந்த நோயாளிகளிடையே மருத்துவமனைக்குள் நேர்ந்த மரணங்கள் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தன. மாற்று ஆட்களைக் கொண்டுவந்து சமாளித்த மருத்துவமனைகளிலும் நிலைமை மேலாக இல்லை. டாக்டர்களின் வேலைநிறுத்தங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு விதம். 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததில் தொடங்கி, அவர்கள் பார்த்த போராட்டங்களில் மரணம் கூடவில்லை, சில இடங்களில் குறைந்தும் இருந்தது. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன, அவசரப் பிரிவு மட்டும் விடாமல் நடந்தது என்பதுதான் முக்கியக் காரணம். கட்டிலருகே நிற்கும் செவிலியரை அப்படித் தள்ளிவைக்க முடியாது. ஒரு வார்டில் உயிரைப் பிடித்து வைத்திருப்பவர் யார் என்று அந்த எண்கள் சொல்கின்றன. அந்த வேலையைச் செய்கிறவளுக்கு ஏழு வருடமாகத் தொகுப்பூதியம்.

அவள் எதற்காகச் சென்னைக்குப் போனாள் என்று ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன், உங்கள் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் போட்டித் தேர்வு நடத்தி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பளம், என்ற பேச்சில் சேர்ந்தார்கள். இரண்டு வருடம் போயிற்று, வந்தபாடில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னைத் தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் அந்தப் போராட்டத்துக்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகுதான் சம்பளம் 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட 2,472 செவிலியர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே பஞ்சாப் அரசு வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியும் ஒரே வார்டில், ஒரே ஊசியைப் போடுகிற இரண்டு பேரில் ஒருவர் வாங்குவதில் பாதியைக்கூட மற்றவர் வாங்குவதில்லை.

இதில் அவளுக்கு இருந்த ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமும் அந்த ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. நிரந்தரப் பணியில் இருந்தவர்கள் கதி அது. ஒப்பந்தத்தில் இருக்கிற உங்கள் மனைவியை அனுப்ப ஒரு கையெழுத்துப் போதும். அது தெரிந்தும் போனாள் என்றால், ஏழு வருடம் அவள் எதையெல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பாள் என்று கணவர் யோசித்திருக்க வேண்டாமா?

என் எண்ணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவையும், பிரசவ அறையையும், விபத்துப் பிரிவையும் விட்டுவிட்டு வெளியே வரும் போராட்டத்தை, கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், நான் ஆதரிக்க மாட்டேன். வசதி உள்ளவர்கள் அன்று தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். கதவு மூடினால் முட்டிக்கொள்வது ஏழையின் தலைதான். சங்கத்தில் இருக்கிற பெண்களிடம் இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன். வார்டுக்கு இத்தனை பேர் இருந்தே தீர வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் போய் உட்காருங்கள் என்பேன். உங்கள் மனைவியிடமும் அதைக் கேட்கலாம்: அன்று வார்டுகளைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று. அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஆனால் அதை ஒரு செவிலியரிடம் கேட்பதாகக் கேளுங்கள். மருமகளை விசாரிக்கிற குரலில் கேட்காதீர்கள்.

ஏனென்றால் "சொந்த மாமியாரை விட்டுவிட்டுப் போனவள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியம் எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார் அவளுக்குச் சொந்தம் என்றால், அம்மா உங்களுக்கு என்ன? பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. மருமகள் அதில் கை கொடுப்பது அவளுடைய நல்ல குணம், நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டியது. நான் பழைய காலத்து மனுஷிதான், குடும்பம் கூடியிருக்க வேண்டும், வயதானவர்களைத் தனியாக விடக் கூடாது என்று இன்றும் நம்புகிறவள். ஆனால் எல்லாக் கடமைகளையும் வீட்டுக்கு வந்த ஒரே பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, அவள் ஒரு நாள் இறக்கி வைத்தால் பேச்சை நிறுத்துகிற வீட்டை நான் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுதி வாங்கவா என்று கேட்கிறீர்கள். ஏற்கெனவே அரசாங்கம் ஒரு ஒப்பந்தத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறது. வீட்டிலும் ஒன்றா? அந்தக் காகிதத்தை நீட்டினால், உங்களோடு வாழ்கிற காலம் முழுக்க அவள் அதை மறக்க மாட்டாள். வேலையை விடச் சொல்வது அதைவிட மோசம். ஏழு வருடம் காத்துவிட்டாள். பணி நிரந்தர ஆணை வருகிற நேரத்தில் அவள் பெயர் பட்டியலில் இல்லாமல் போனால், அந்தப் பழி அரசாங்கத்தின் மீது விழாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று இரவே அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். மனைவியும் அதே அறையில் இருக்கட்டும். "பதினோரு நாட்களும் துணைக்கு ஆள் வைக்காதது நான்தான். அவள் போகிற நாள் தெரிந்தும் அன்றும் வைக்கவில்லை" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மா கோபப்படட்டும். அந்தக் கோபம் உரிய இடத்துக்கு வரட்டும். மணிக்கட்டுக் கட்டு அவிழ்க்கும் வரை அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டுவது உங்கள் வேலை. காலுக்கு டிரெஸ்ஸிங் மாற்ற அழைத்துப் போகிற ஒவ்வொரு நாளும் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீங்களே போய் ஓ.பி. வரிசையில் நில்லுங்கள். நிற்கிற நேரத்தில் ஆண்கள் வார்டு வாசல் வரை நடந்துபோய், எத்தனை கட்டில் இருக்கிறது, எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை மனைவியிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.