துணி விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹாலில் சோபாவுக்குப் பின்சுவரில் துணி விளக்கு வைக்க ஆசை. பழைய பட்டுப்புடவை, கண்டாங்கி, சுங்குடி மூன்றும் வீட்டில் இருக்கின்றன. எதை வெட்டலாம்? நாமே செய்ய முடியுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். ஜரிகைக்குள் வெளிச்சம் புகாது. பகலில் தங்கமாக மின்னுகிற கோடு, விளக்கைப் போட்டதும் கறுப்புக் கோடாக நிற்கும். அரக்குக் கண்டாங்கி பாதி வெளிச்சத்தை விழுங்கி, சுவரையும் சிவப்பாக்கிவிடும். என் ஓட்டு வெளிர்நிறச் சுங்குடிக்குத்தான். சாயம் ஏறாத புள்ளிகள் ஒவ்வொன்றும் தனியாக ஒளிரும். வெட்டுவதற்கு முன் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். இழை விட்ட இடம், பழைய எண்ணெய்க் கறை, தையல் போட்ட கிழிசல் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் அரை உருளை என்று வைத்துக்கொள்வோம். 10 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) 6 அடி போதும். வில்லும் நாணும் போல இரண்டு வளைவு, அவற்றை இணைக்க 10 அங்குலத்தில் இரண்டு நிமிர்கம்பி. வெல்டிங் கடையில் ஒட்டித் தருவார்கள். துணி 14-க்கு 12 அங்குலம். கஞ்சி போக அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். அலசாத பருத்தி பின்னால் சுருங்கிச் சட்டத்தையே கோணலாக்கும்.

ஃபெவிகாலைக் கம்பியில் மட்டும் மெல்லிசாகத் தடவி, துணி ஓரத்தை உள்பக்கம் மடித்து, 2 அங்குலத்துக்கு ஒரு துணி கிளிப் மாட்டிக் காயவிடுங்கள். பசை கூடினால் துணியில் ஊறி, விளக்கு எரியும்போது மட்டும் திட்டாகத் தெரியும். அதைத் திருத்த வழியில்லை, துணியையே மாற்ற வேண்டும். மேலும் கீழும் மூடாதீர்கள். எல்.இ.டி. பல்பின் கழுத்தில்தான் சூடு தேங்கும்; காற்று போகாவிட்டால் பல்பு சீக்கிரம் செத்துவிடும். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், துணி கருகும்.

கேள்வி: செய்து மாட்டிவிட்டேன். துணிக்குள் பல்பு வெள்ளை உருண்டையாகத் தெரிகிறது, கண் கூசுகிறது. 9 வாட் வெள்ளை பல்பு, சுவரில் சாதாரண பேட்டன் ஹோல்டர்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஹோல்டரில்தான் கோளாறு. பேட்டன் ஹோல்டரில் பல்பு சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டு துணியை முட்டும். எல் வடிவப் பட்டையில் ஹோல்டரைப் பொருத்தி, பல்பைச் சுவருக்கு இணையாக நிமிர்த்தி வையுங்கள். துணிக்கும் பல்புக்கும் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். 9 வாட் அறைக்கே வெளிச்சம் தருவது. இதற்கு 3 வாட், 2700 கெல்வின் வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் வெளிச்சம்), பால்நிற பல்பு போதும். அப்படியும் உருண்டை தெரிந்தால் உள்பக்கம் வெள்ளை மல் துணி ஒரு மடிப்பு கொடுங்கள். மேல் விளிம்பு தரையிலிருந்து 6 அடியில் இருந்தால் நடமாடுபவர் கண்ணில் பல்பு படாது.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் துணி விளக்கு மங்கலாக மினுங்குகிறது. பேயா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேய்க்கு 3 வாட் பல்பு போதாது! சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால், அதன் வழியே கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி.யை மினுக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும். இண்டிகேட்டரே இல்லை என்றால் விஷயம் வேறு: சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் இருக்கலாம். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும், பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த பல்பில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: தூசியை ஈரத்துணியால் துடைக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடாது. ஈரம் காய்ந்த இடத்தில் வளையமாகக் கறை நிற்கும். வாரம் ஒருமுறை, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஈசல் காலத்தில் உள்ளே விழும் இறகுகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.