புற்றுநோய் மருத்துவம் வேண்டாம் என்று மகளைத் தடுக்கலாமா?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் புற்றுநோய் மருத்துவராகத்தான் போவேன் என்கிறாள். நீங்களும் உங்கள் கணவரும் "டாக்டராகு, சந்தோஷம். ஆனால் தோல், கண் என்று நிம்மதியான துறையாகப் பார்" என்கிறீர்கள். உங்கள் எழுத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. படிப்பு முடிவதற்குள் முப்பது வயதாகிவிடும் என்பது ஒன்று. தினமும் சாவைப் பார்த்துப் பிள்ளையின் மனசு உடைந்துவிடும் என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரர், கென்னத் கால்மன். 1941 கிறிஸ்துமஸ் அன்று கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படித்தார். நடுவில் உயிர்வேதியியலிலும் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டார். 1967-இல் டாக்டராகி, முதலில் போனது அறுவை சிகிச்சைப் பக்கம். அப்புறம் லண்டனில் புற்றுநோய் ஆராய்ச்சி. 1974-இல் கிளாஸ்கோவுக்குப் புற்றுநோய் மருத்துவப் பேராசிரியராகத் திரும்பியபோது வயது 32. பதினேழு வயதில் எடுத்த ஒரே முடிவைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கே போய்ச் சேரவில்லை. உங்கள் மகளும் இன்றைக்கே கடைசி நிறுத்தத்தை முடிவு செய்தாக வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கால்மன் பேராசிரியராக இருந்த காலத்தில் பல புற்றுநோய்களுக்கு இன்றைக்கு இருக்கும் மருந்துகள் கிடையாது. நோயாளிகள் பலரைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படியானால் மருத்துவரின் வேலை என்ன? 1984-இல் ஒரு மருத்துவ அறநெறி இதழில் அவர் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஒருவர் தன் வாழ்க்கையில் எதை எதிர்பார்க்கிறார், இப்போது எதை அனுபவிக்கிறார் என்ற இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இடைவெளி குறுகினால் வாழ்க்கைத் தரம் உயரும், அகன்றால் சரியும் என்றார். மருத்துவ உலகம் இதை இன்றும் 'கால்மன் இடைவெளி' என்றே சொல்கிறது.

இதைக் குறைக்க இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்யலாம். வலியைக் குறைத்து, வாந்தியை நிறுத்தி, தூங்க வைத்து, நோயாளியின் இன்றைய நிலையை மேலே கொண்டுவருவது ஒரு பக்கம். என்ன நடக்கக்கூடும் என்பதை உள்ளபடி பேசி, எட்டக்கூடிய ஆசைகளை அவரோடு சேர்ந்து கண்டுபிடிப்பது மறுபக்கம். முழுக்கக் குணமாவேன் என்று நம்பியிருந்தவர், வலி இல்லாமல் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்தால் போதும் என்ற இடத்துக்கு வரலாம். அந்த ஒரு மாதத்தை மருத்துவரால் கொடுக்க முடியும். நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிப் பேச கிளாஸ்கோவில் 'டாக் டென்ட்' என்ற ஆதரவு அமைப்பு உருவானதும் கால்மனின் முயற்சியால்தான்.

எல்லோரையும் குணப்படுத்திவிடலாம் என்று நினைத்து உள்ளே வருகிறவர்தான் இந்தத் துறையில் சீக்கிரம் உடைகிறார் என்பது என் கருத்து. ஆகவே உங்கள் மகளிடம் "சாவைப் பார்க்க முடியுமா உன்னால்?" என்று கேட்காதீர்கள். வீம்புக்காவது முடியும் என்பாள். "குணப்படுத்த முடியாத ஒருவருக்கு நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை. யோசிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கால்மன் புற்றுநோய் வார்டிலேயே கடைசிவரை இருக்கவும் இல்லை. மேற்படிப்பு மருத்துவக் கல்விக்குப் பொறுப்பேற்றார். 1989-இல் ஸ்காட்லாந்துக்கும் 1991-இல் இங்கிலாந்துக்கும் தலைமை மருத்துவ அதிகாரி, அதாவது அரசுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் முதன்மை மருத்துவர், ஆனார். அங்கே அவர் செய்ததில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, வேல்ஸின் தலைமை மருத்துவ அதிகாரி டெய்ட்ரே ஹைனோடு சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த அறிக்கை. அதுவரை பிரிட்டனில் ஒருவருக்குக் கிடைக்கும் புற்றுநோய் சிகிச்சை, அவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மருத்துவர் கையில் சிக்குகிறார் என்பதைப் பொறுத்து மாறியது. குடும்ப மருத்துவர், மாவட்ட மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு, பெரிய புற்றுநோய் மையம் என்று மூன்று அடுக்காக ஒழுங்கு செய்யச் சொன்னது அந்த அறிக்கை. வருஷக்கணக்கில் முடிவு தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்த நிபுணர் பயிற்சிக்கு ஒரு வரையறை வந்ததும் அவர் காலத்தில்தான்.

எல்லாமே புகழாக அமையவில்லை. மாட்டிறைச்சியைப் பயமின்றிச் சாப்பிடலாம் என்று 1993-இல் அவர் சொன்னார். 1996-இல் மாடுகளின் மூளையைத் தாக்கும் பைத்தியமாட்டு நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. பெரிய பொறுப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சுமையும் உண்டு. மகளிடம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு கால்மன் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், தான் படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

சரி, கணக்கு. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். அதன்பின் வழிகள் பிரிகின்றன. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் நேராக எம்.டி., 3 வருஷம்; மொத்தம் எட்டரை வருஷத்தில் நிபுணர். மருந்து சிகிச்சை என்றால் பொது மருத்துவம் போன்றதில் எம்.டி. முடித்து, மேலே டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு, இன்னும் 3 வருஷம். அறுவை சிகிச்சை என்றால் எம்.எஸ்., பிறகு அதற்கான உயர்சிறப்புப் படிப்பான எம்.சிஎச். இந்த இரண்டுக்கும் பதினொன்றரை வருஷம் ஆகும், நடுவில் நுழைவுத் தேர்வுக்காகக் காத்திருப்பது தனி. நீங்கள் சொன்ன முப்பது வயது சரிதான். ஆனால் அந்த முப்பது வயது வரை அவள் வெறும் மாணவியாக இருக்கப்போவதில்லை. ஐந்தரை வருஷத்தில் டாக்டர்; எம்.டி. சேர்ந்ததிலிருந்து மாத உதவித்தொகை வரும். கடன் வாங்குவதாக இருந்தால் அந்த மாதங்களைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

பிரிட்டன் ஆசை இருந்தால் ஒரு விஷயம். அங்கே கிளினிக்கல் ஆங்காலஜிஸ்ட் என்ற புற்றுநோய் மருத்துவர் கதிர்வீச்சு, கீமோதெரபி இரண்டையும் தானே தருவார்; இங்கே பெரும்பாலும் இரண்டும் தனித்தனித் துறைகள். எம்.பி.பி.எஸ். முடியும்போது யோசித்தால் போதும்.

இந்த வருஷம் துறைச் சண்டையை நிறுத்திவையுங்கள் அம்மா. தோல் மருத்துவத்துக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் முதல் வாசல் ஒரே நீட் தேர்வுதான். அவளுடைய இயற்பியல் மதிப்பெண் குறைவாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இப்போது எனக்குக் கவலை அதில்தான். கடைசி இரண்டு மாதிரித் தேர்வுகளின் விடைத்தாள்களை அனுப்புங்கள், எந்தப் பாடத்தில் தடுக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.