மக்கும் பிளாஸ்டிக் துறைக்கு ஆசைப்படும் மகள் எந்தப் பட்டம் படிக்கலாம்?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடிதம் எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் தாவரப் பொருள்களிலிருந்தும் மக்கும் பிளாஸ்டிக் தயாரிக்கும் துறைக்குத்தான் செல்வேன் என்று உறுதியாக நிற்பதையும், அதில் வேலை கிடைக்குமா என்ற உங்கள் கவலையையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது வெறும் கற்பனை அன்று. 1969-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் ஷோஹெய் இனோவே, கார்பன் டை ஆக்சைடை புரொப்பிலீன் ஆக்சைடுடன் வினையூக்கியின் துணையால் பிணைத்துப் பாலிமர், அதாவது பிளாஸ்டிக்கின் அடிப்படையான நீண்ட மூலக்கூறுச் சங்கிலி, ஆக்கிக் காட்டினார். அந்தப் பாலிமரின் எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடு வரை அந்த வாயுவாகவே இருக்கலாம். புரொப்பிலீன் ஆக்சைடு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதால், அதற்கு மாற்றாக ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் போன்ற தாவரப் பொருள்களை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

தாவர வழி உங்கள் மரவள்ளித் தோட்டத்துக்கே நெருக்கமானது. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கு அரைபட்டு, பால் வடிகட்டப்பட்டு, தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிற மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாவை நொதிகளால் சர்க்கரையாகவும், நுண்ணுயிர்களைக் கொண்டு லாக்டிக் அமிலமாகவும் மாற்றி, அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் கிடைக்கிறது. ஆலையில் மிஞ்சும் திப்பியிலும் மாவுச்சத்து கணிசமாகத் தங்கியிருக்கிறது. ஆயினும் இந்தப் பிளாஸ்டிக்கை வரப்பில் வீசினால் எளிதில் மக்காது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இயங்கும் உரக்கூடம் அதற்குத் தேவை. இந்தக் குறையைத் தீர்ப்பதில்தான் உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு வேலை காத்திருக்கிறது.

இத்துறைக்கென்றே தனிப் பட்டம் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். என் கருத்தில் வேதிப்பொறியியலே முதல் தெரிவு. இத்துறை வளரும் வரை மருந்து, உரம், வண்ணப்பூச்சு, உணவுத் தொழிற்சாலைகளிலும் அந்தப் பட்டத்துக்கு வேலை உண்டு. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பதால், வேதியியலில் மட்டும் கவனம் வைத்துக் கணிதத்தை விட்டுவிட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் விண்ணப்பியுங்கள்; அவ்வழியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

வெளியூர் அனுப்பத் தயக்கம் இருந்தால், தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் இளங்கலை முடித்து, ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் முதுகலை சேரலாம். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவருக்கு அதுவும் நல்ல பாதையே.