விர்ச்சுவல் மெஷினில் இல்லாத மெமரியைத் தொட்டால் ஹோஸ்ட் விழுந்துவிடுமா?

ஹோஸ்ட், அதாவது அதைத் தாங்கும் நிஜக் கணினி, விழாதுங்க. கெஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் சிஸ்டம், எந்த முகவரியைத் தொட்டாலும், அதை நிஜ மெமரி முகவரியாக மாற்றும் பிராசஸரின் இரண்டாம் அடுக்கு அட்டவணையைக் கடந்துதான் போக வேண்டும். இன்டெலில் அதன் பெயர் இபிடி (EPT), ஏஎம்டியில் என்பிடி (NPT). அதில் பதிவு இல்லையென்றால் கட்டுப்பாடு, விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் வந்துவிடும்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சொந்தமாக டிரைவரோ கர்னலோ எழுதுகிறவர் போலத் தெரிகிறது. அப்படியென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ரேமாக ஒதுக்கிய பகுதிதான், ஹோஸ்ட் இன்னும் பக்கம் (மெமரித் துண்டு) தரவில்லை என்றால், லினக்ஸ் கர்னலில் உள்ள ஹைப்பர்வைசரான கேவிஎம் (KVM) அப்போதே பக்கத்தை வாங்கி மாட்டி, அதே கட்டளையை மறுபடி ஓடவிடும். கெஸ்ட்டுக்குத் தெரியவே தெரியாது. எந்த மெம்ஸ்லாட்டிலும் (கெஸ்ட்டுக்கென்று பதிவு செய்த மெமரிப் பகுதி) சேராத முகவரி என்றால் ஏதோ சாதனம் என்று எடுத்துக்கொண்டு, கெஸ்ட்டுக்குச் சாதனங்களைப் போலச் செய்து காட்டும் மென்பொருளான க்யூஎமுவிடம் (QEMU) தள்ளும். அங்கும் சாதனம் இல்லையா, எழுதியது காணாமல் போகும், படித்தால் 0 வரும்.

அந்த 0 என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்தது. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில். மெஷின் தரவை வாங்கும் பிசிஐ கார்டுக்கு நான்தான் டிரைவர் எழுதினேன். கார்டின் முகவரியைக் கணினியிடம் கேட்டு வாங்காமல் கோடிலேயே எழுதியிருந்தேன், அதில் ஓர் இலக்கம் தவறு. நிலையைச் சொல்லும் பிட் 0 என்றால் கார்டு சும்மா இருக்கிறது, 1 என்றால் வேலையில் இருக்கிறது. க்யூஎமுவில் 0 வந்தது, சோதனை எல்லாம் பாஸ். மில்லில் இருந்த நிஜக் கணினியோ, ஆளில்லாத முகவரிக்கு எல்லா பிட்டையும் 1 என்று திருப்பியது. டிரைவர் காத்துக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் மில் மேஸ்திரி டீ டம்ளரோடு வந்து, "என்ன கண்ணு, இன்னும் சுத்திக்கிட்டே இருக்குது?" என்றார். நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரில் படித்த மதிப்பை அச்சிட்டுப் பார்த்தேன், 32 பிட்டும் 1. அப்புறம் ஐந்தே நிமிட வேலை.

எல்லா ஹைப்பர்வைசரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இது எக்ஸ்86-இல் கேவிஎம்மும் க்யூஎமுவும் சேர்ந்த கதை. ஹோஸ்ட்டில் ரேமே தீர்ந்தால் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தும் லினக்ஸ் வசதி) க்யூஎமுவையே கொல்லலாம், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் ஒரு நேர்காணலில் விளக்கியபோது, "கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கர்னல் வேலையா, ஏன் பெங்களூர் போகவில்லை?" என்றுதான் கேட்டார்கள். மில் இங்கேதானே இருக்கிறது? இன்றும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தவறான மெமரித் தொடுகைகளை லாக்கில் எழுதும் வசதி க்யூஎமுவில் உண்டு, அதை இன்றே இயக்குங்கள். படித்த மதிப்பில் எல்லா பிட்டும் 1 என்றால் உடனே பிழை என்று வெளியேறும்படி டிரைவரிலும் ஒரு வரி சேருங்கள்.