500 கெஜத்தில் எந்தத் தோட்டா?

கேள்வி: என்னிடம் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கிறது, குழல் 22 அங்குலம். எல்க் மான் வேட்டைக்கு உரிமம் கிடைத்துவிட்டது. 500 கெஜம் வரை சுடலாம் என்று நினைக்கிறேன். கடையில் மூன்று வகை காட்டினார்கள்: துல்லியத்துக்குப் பேர்போன 'மேட்ச்', ஈயம் கலக்காத முழுத் தாமிரக் குண்டு, நெடுந்தூர வேட்டைக்கென்றே பிளாஸ்டிக் முனை வைத்த குண்டு. பத்துப் பெட்டி எடுத்தால் தள்ளுபடியும் உண்டு. எதை வாங்குவது?

பதில்: மேட்ச் வகையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது காகித இலக்குக்காகச் செய்யப்பட்டது. உடலுக்குள் போனதும் சில சமயம் விரியாமல் ஊசி போல மறுபக்கம் வந்துவிடும், சில சமயம் தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடும். இரண்டிலுமே மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும்.

மற்ற இரண்டில் எது என்பதைப் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது குழலை விட்டுக் கிளம்பும் வேகம். நமக்குத் தேவை மானைத் தொடும்போது மிச்சமிருக்கும் வேகம், ஏனென்றால் குண்டு விரிவதே அந்த வேகத்தால்தான். முழுத் தாமிரக் குண்டுகள் பல, நன்றாக விரிய விநாடிக்கு 1800 முதல் 2000 அடி கேட்கும். நெடுந்தூரத்துக்கென்று வந்த பிளாஸ்டிக் முனை வைத்த ஈயக் குண்டுகளில் சில 1600 அடியிலும் விரியும். ஹார்னடி நிறுவனத்தின் இஎல்டி-எக்ஸ் அப்படிப்பட்டது.

இப்போது உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். .308-ல் 178 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, பெட்டிக் கணக்கில் சுமார் 2600 அடியில் கிளம்பும். அந்தக் கணக்கு பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் எடுத்தது. உங்களுடையது இரண்டு அங்குலம் குட்டை, அதனால் 40, 50 அடி குறையும். 400 கெஜத்தில் 1900 அளவில் நிற்கும்; 500-ல் 1750 அளவுக்கு வந்துவிடும். 2000 அடி கேட்கும் தாமிரக் குண்டென்றால் 300 கெஜம் தாண்டியதுமே அதன் வேலை முடிந்தது. ஆகவே உங்களுக்குப் பிளாஸ்டிக் முனை வைத்ததுதான் பொருத்தம். ஆனால் சில இடங்களில் ஈயக் குண்டுக்குத் தடை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கூடாது. உங்கள் உரிமத்தில் அப்படி இருந்தால் தாமிரமேதான். அப்போது தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குண்டு 500 கெஜம் போக அரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் படும். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அதே தூரத்தில் குண்டை ஒன்றேமுக்கால் அடி அளவுக்குத் தள்ளிவிடும். தோட்டாவை மாற்றினால் இதில் கொஞ்சம் குறையுமே தவிர, போகாது. இதைவிட வேகமான .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கியே வாங்கினாலும் காற்று காற்றுதான். என்னைக் கேட்டால், .308-க்கு எல்க் விஷயத்தில் 400 கெஜமே எல்லை. காற்று அடிக்கும் நாளில் அதற்கும் உள்ளேயே.

சரி, தள்ளுபடி. இப்போதே பத்துப் பெட்டி எடுக்காதீர்கள். ஒரே எடை, ஒரே விலை என்றாலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துப்போகும். இரண்டு மூன்று நிறுவனங்களின் வேட்டைக் குண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, குழல் ஆறியபின் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். வேகம் அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி, உங்கள் குழலில் உண்மையில் என்ன வேகம் வருகிறது என்று அளந்துவிடுங்கள். மேலே நான் சொன்ன தூரக் கணக்கை அந்த எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அப்புறம் எதன் குண்டுகள் இலக்கில் நெருக்கமாகக் கூடி விழுகின்றனவோ, அதை மொத்தமாக எடுங்கள். எடுக்கும்போது பெட்டிகளில் அச்சிட்ட லாட் எண் (ஒரே தொகுப்பாகத் தயாரானதைக் காட்டும் எண்) எல்லாவற்றிலும் ஒன்றேதானா என்று பாருங்கள். லாட் மாறினால் வெடிமருந்தும் வேகமும் சற்று மாறக்கூடும். வேறு எண் கலந்து கொடுத்தால் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை, ஒரே எண்ணில் கிடைப்பதை மட்டும் வாங்குங்கள்.