வயல்ல கிடைச்ச வெள்ளிக்காசை விபூதி போட்டு தேய்க்கலாமா?

இங்கிலாந்துல கென்ட் பக்கம் இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "வயல்காரர்கிட்ட சொல்லிட்டு மெட்டல் டிடெக்டர் போட்டேன், கட்டைவிரல் நகம் அளவுக்கு மெல்லிசா ஒரு வெள்ளிக்காசு, கறுத்துப்போய் கிடைச்சுது. ஒரு பக்கம் கிரீடம் வச்ச முகம், மறுபக்கம் பெரிய சிலுவை. விபூதி போட்டு தேய்க்கலாமா? யார் காலத்துக் காசு?"

தேய்க்காதீங்க தம்பி. வீட்டு குங்குமச்சிமிழை எத்தனை தடவை தேய்ச்சாலும் சிமிழ் சிமிழாத்தான் இருக்கும், இது ஒன்றரை கிராம் கூட வராத தகடு, 700 வருஷம் மண்ணுல கிடந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், ராஜாவோட தலைமுடியும் எழுத்தும் தொட்டா தெரியற அளவுதான் மேல நிக்குது, விபூதி அதைத்தான் முதல்ல தின்னும். டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு நாள் போட்டு வைங்க, தண்ணி கலங்குனா மாத்துங்க, மண்ணு தானா இளகும், எடுத்து காய விடுங்க, அவ்ளோதான். அந்தக் கறுப்பு அழுக்கே இல்ல, கந்தகம் பட்டு வெள்ளி மேல படிஞ்ச தோல். அலுமினியம் ஃபாயில், சோடா மாவு, சில்வர் டிப்னு வீடியோ போடறாங்களே, அதெல்லாம் அந்தத் தோலை உரிச்சு காசை வெளிறடிச்சு விட்டுடும். காசு வளைஞ்சிருந்தா நிமித்தவும் வேணாம், அந்தக் காலத்துல புனிதர்கிட்ட வேண்டிக்கிட்டு காசை மடிச்சு வைப்பாங்க, நிமித்தப் போய் ரெண்டா உடைச்சு என்கிட்ட கொண்டுவந்தவர் இருக்கார்.

இப்போ யார் காசுன்னு பாப்போம். சிலுவை ஓரம் வரைக்கும் ஒத்தைக் கோடா போய், நாலு மூலைலயும் மும்மூணு புள்ளி இருந்தா 1279ல இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த பென்னி வகை. ரெட்டைக் கோடா இருந்தா அதுக்கு முந்தி, 1247ல மூணாம் ஹென்றி ஆரம்பிச்சது. எட்வர்ட் காசுல சிலுவையைச் சுத்தி இருக்கற எழுத்து, காசை அடிச்ச ஊர்ப்பேரு, லண்டனும் கேன்டர்பரியும்தான் நிறைய வரும்.

போட்டோவை குரூப்ல போட்டதும் இன்பாக்ஸ்ல ஒரு ஆள் வருவான் பாருங்க, "சாதாரண காசு, க்ளீன் பண்ணித் தரேன், இல்ல நானே வாங்கிக்கறேன்"னு. எடைக்குப் பேசறவன்கிட்ட கொடுத்துடாதீங்க. காசு கைமாறிட்டா எந்த வயல்ல, எந்த இடத்துல எடுத்ததுங்கற தகவலும் அதோட போச்சு, அது போனா வரலாறுக்கு அதுல பாதி பிரயோஜனம் கூட இல்ல.

சட்டம்? 1996 ட்ரெஷர் ஆக்ட், அதாவது அங்க இருக்கற புதையல் சட்டப்படி, ஒத்தைக் காசு பொதுவா புதையல் இல்ல. இந்த மாதிரி பழைய வெள்ளிக்காசு ஒரே இடத்துல ரெண்டு சேர்ந்து கிடைச்சா 14 நாளுக்குள்ள கொரோனர்கிட்ட (புதையலை விசாரிக்கற அந்த ஊர் அதிகாரி) சொல்லணும். ஆனா ஒண்ணு, காசுல ஓட்டை இருக்கா, பின்பக்கம் ஊசி, கொக்கி ஒட்டியிருந்த தடம் இருக்கா, தங்கமுலாம் மினுக்கா, லென்ஸ் வச்சு நல்லா பாருங்க. அந்தக் காலத்துலயே காசை ப்ரோச்சா, பதக்கமா மாத்திப் போட்டுக்குவாங்க, அப்படி மாத்தினது காசு கணக்குல வராது, நகை கணக்கு, ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் புதையல்தான், அதே 14 நாள். இதைத் தெரியாம விட்டுட்டு மாட்டினவங்கள பாத்திருக்கேன்.

ஒத்தைக் காசுன்னாலும் ஃபைண்ட்ஸ் லியேசன் ஆஃபீசர்கிட்ட (மண்ணுல கிடைச்ச பழம்பொருளைப் பார்த்துப் பதியறவர்) காட்டிப் பதிவு பண்ணுங்க. பெரிய ஏரியாவுக்கு ஒருத்தரை உக்கார வச்சுட்டு மூட்டை மூட்டையா வர்றதை அவங்களே பாக்கணும்னா மாசக்கணக்குல ஆகத்தான் செய்யும், நல்லது பண்ண வர்றவனைக் காக்க வச்சே விரட்டறாங்க, கோவமா வருது. இருந்தாலும் போங்க. அதுவரைக்கும் காசை பிவிசி பிளாஸ்டிக் கவர்ல வைக்காதீங்க, பச்சையா பிசுபிசுப்பு ஏறும். ஆசிட் இல்லாத பேப்பர் கவர்ல வச்சு, எடுத்த இடத்தோட க்ரிட் நம்பரை (மேப்ல இடத்தைக் காட்டற எண்) உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே கவர் மேல பென்சில்ல எழுதிடுங்க.