தார்ப்பாய்க்கு எந்தக் கயிறு, எந்த இறுக்கி?

கேள்வி: ஐப்பசி மாதத்தில் மேகமலையிலுள்ள ஒரு தனியார் தோட்டத்தில் நண்பர்களோடு முகாமிட்டோம். 10க்கு 12 அடித் தார்ப்பாயை, ஹார்டுவேர் கடையில் வாங்கிய நைலான் கயிற்றால் ஆறு இடங்களில் கட்டினோம். மாலையில் விறைப்பாக இருந்த கயிறுகள் இரவு மழைக்குப் பின் தொய்ந்து, தார்ப்பாயின் நடுவே தண்ணீர் தேங்கிவிட்டது. இன்னும் தடிமனான கயிறு வாங்க வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டியதில்லை. தடிமன் கூடினால் வலிமை கூடும். ஆனால் உங்கள் கயிறு அறுந்துபோகவில்லை, தளர்ந்துதான் போயிருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு பரப்பின் மீது நேராக மோதும்போது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.7 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகிறது. உங்கள் தார்ப்பாய் சுமார் 11 சதுர மீட்டர். அது முழுவதும் காற்றுக்கு எதிரே நின்றாலும் மொத்த விசை 85 கிலோ அளவில்தான் இருக்கும், அதையும் பல கயிறுகள் பகிர்ந்துகொள்ளும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும், 4 மி.மீ. தடிமனுள்ள பாராகார்டு (பாராசூட்டுக்கென உருவான நைலான் கயிறு) ஒன்றே சுமார் 250 கிலோ தாங்கும் என்பதையும், முடிச்சு விழும் இடத்தில் அந்த வலிமை பாதியாகக் குறையலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, முகாமில் கயிறு அறுவது அபூர்வம். முளை பிடுங்கிக்கொள்வதும் தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் துளையான கண் கிழிவதும்தான் முதலில் நடக்கும்.

உங்கள் கயிறு உண்மையிலேயே நைலான்தானா என்று முதலில் பாருங்கள். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது பல நேரங்களில் பாலிபுரொப்பிலீனாகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கும். ஒரு சிறு துண்டை வெட்டி, நீருக்குள் பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு விடுங்கள். மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர்; மிதந்தால் மற்ற இரண்டில் ஒன்று. நைலான் தண்ணீரை உறிஞ்சி நீளும், வெயிலில் காய்ந்ததும் மீண்டும் இறுகும். உங்கள் கயிறு அப்படி நடந்துகொண்டிருந்தால் காரணம் தெளிவு. துண்டு மிதக்குமானால் பழி மழை நீரின் மேல் இல்லை: முடிச்சு நழுவியிருக்கலாம், ஊறிய மண்ணில் முளை சாய்ந்திருக்கலாம், அல்லது தொடர் இழுவையில் கயிறே மெல்ல மெல்ல நீண்டிருக்கலாம். பாலிபுரொப்பிலீனுக்கு அந்தக் குணம் உண்டு. வெயிலில் சீக்கிரம் நைந்தும் போகும்.

வாங்குவதானால் 3 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் கயிற்றை வாங்குங்கள். அது தண்ணீரை மிகக் குறைவாகவே ஏற்கும், நைலானைவிட மிகக் குறைவாகவே நீளும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஒளியைத் திருப்பும் இழை சேர்த்துப் பின்னியது கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் கால் தடுக்காது. மரத்தில் கட்டும் பக்கம் மட்டும் கண்ணுக்கும் கயிற்றுக்கும் இடையே சிறிய ரப்பர் வளையம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், மரம் ஆடும்போது ஏற்படும் வெட்டிழுப்பை அது வாங்கிக்கொள்ளும்.

கயிறு தரையோடு செய்யும் கோணத்தையும் கவனியுங்கள். 60 பாகையில் செங்குத்தாக இறங்கும் கயிறு, பக்கவாட்டில் தேவைப்படும் விசையைப் போல இருமடங்கு இழுவையைச் சுமந்துகொண்டு முளையை மேல்நோக்கிப் பிடுங்கும். 45 பாகை அல்லது அதற்கும் குறைவாக அமையும்படி முளையைத் தள்ளி அடியுங்கள், முளையின் தலை தார்ப்பாயை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கியதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும்: எல்லா மூலைகளையும் ஒரே உயரத்தில் கட்டியிருந்தால், எந்தக் கயிறானாலும் இது நடக்கும். ஒரு சதுர மீட்டரில் 3 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே 30 கிலோ. மழைக்காலத்தில் ஒரு மூலையையாவது நன்றாகத் தாழ்த்திக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எடை குறைவு என்பதற்காக 2 மி.மீ. டைனீமா (மிக வலுவான ஒருவகைப் பாலிஎத்திலீன் இழை) கயிறும், கயிற்றை நகர்த்தி விறைப்பாக்க உதவும் மூன்று துளையுள்ள அலுமினிய இறுக்கிகளும் வாங்கினேன். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் இறுக்கி வழுக்கிக்கொண்டு வருகிறது. இறுக்கிகளின் தரம் சரியில்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இறுக்கி மீது குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை, பொருத்தம்தான் சரியில்லை. மூன்று துளை இறுக்கி, கயிறு வளைந்து திரும்பும் இடங்களில் எழும் உராய்வை நம்பியே வேலை செய்கிறது. டைனீமா மிக வலிமையானது, நீள்வதும் சொற்பம். ஆனால் அதன் இழைக்கு வழவழப்பு அதிகம். துளைக்கு ஏற்ற தடிமனும் இல்லாமல் போனால் பிடிப்புக்கு எதுவும் மிஞ்சாது. பாலியஸ்டர் உறை போர்த்திய டைனீமாவை வாங்குவது ஒரு வழி. இறுக்கியின் உறையில் எந்தத் தடிமனுக்கு உரியது என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். கையிலிருப்பதையே பயன்படுத்த விரும்பினால், கடைசித் துளையின் வழியாக இன்னொரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; நனைந்த கயிற்றில் சோதித்த பிறகே நம்புங்கள்.

நான் எல்லாக் கயிற்றுக்கும் இறுக்கி மாட்டச் சொல்ல மாட்டேன். அடிக்கடி சரிசெய்ய வேண்டிய மூலைகளுக்கு அது வசதி. இருட்டில், விரல் விறைத்த குளிரில் முடிச்சை அவிழ்ப்பதைவிட அதை நகர்த்துவது எளிது. தார்ப்பாயின் நடுவே உத்திரம்போல அதைத் தாங்கும் கயிற்றுக்கோ, லாரியில் படுதா போர்த்துபவர்கள் போடும் முறையே போதும்: கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு வளையம் போட்டு, முனையை மரத்தைச் சுற்றி எடுத்து வந்து வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால், உராய்வில் போவது போக இழுவை பெருகிக் கிடைக்கும். அந்த வசதியே ஆபத்தாகவும் மாறலாம். கிடைமட்டத்திலிருந்து 5 பாகை மட்டுமே தொய்ந்திருக்கும் கயிற்றின் நடுவில் 10 கிலோ தொங்கினால் கயிற்றில் ஏறத்தாழ 57 கிலோ இழுவை ஏறும். சற்றே தொய்வு விடுங்கள். சரக்கு கட்டும் ராட்செட் பட்டை இங்கே வேண்டவே வேண்டாம். அது தார்ப்பாயின் கண்ணைப் பிய்த்துவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தவிர்க்க விரும்புகிறேன். சணல் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ பயன்படுத்தலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஓரிரு இரவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சணல் நனையும்போது பருத்து நீளம் குறையும், காய்ந்ததும் தளரும்; ஆகவே மழை வருமுன் சற்று இளக்கியும், வெயில் ஏறியதும் இழுத்தும் கட்ட வேண்டியிருக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் நார்க் கயிறு எளிதில் மக்காது. ஆனால் சொரசொரப்பு மெல்லிய துணியைத் தேய்க்கும், சிறிய இறுக்கிகளின் துளையில் நுழையாது. தார்ப்பாயின் கண்ணில் பருத்தி நாடா வளையம் ஒன்றைக் கோத்து, அதில் நார்க் கயிற்றை முடிந்துகொள்ளுங்கள்.